கேட்டால்தான் பட்டம்

ஜோசப்பினுக்கும் பேனாட்டுக்கும் 1991இல் ரொறன்ரோவில் கலியாணம் நடந்தபோது, அழைப்பிதழில் மணமகளின் பெயருக்குப் பக்கத்தில் "பி.ஏ., ஸ்பெயின்" என்று அச்சாகியிருந்தது. அச்சுக்குக் கொடுத்தவர் மாப்பிள்ளையின் தகப்பன் சீமோன். பெண்ணை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெட்டி பெட்டியாக அழைப்பிதழ் வீட்டுக்கு வந்த பிறகுதான் ஜோசப்பின் பார்த்தாள்.

"மாமா, பட்டச் சேர்டிபிக்கற் இன்னும் வரேல்லை எண்டு சொன்னனானெல்லே."

"சோதினை பாஸ் பண்ணினியோ இல்லையோ?"

"பாஸ்தான்."

"பிறகென்ன? கடதாசி வாற நேரம் வரட்டும். காட் இண்டைக்குக் குடுக்க வேணும்."

சீமோன் அவசரப்பட்டதற்குக் காரணம் இருந்தது. அவர்கள் இருந்த ரெக்ஸ்டேல் பகுதியில் தமிழ்ச் சனம் அப்போது குறைவு. குறைந்த சனத்துக்குள் கேள்விகள் அதிகம். ஒரு பெண் ஆறு வருடம் ஸ்பெயினில் இருந்தாள் என்றால், அங்கே என்ன செய்தாள் என்று கேட்காமல் யாரும் தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்க மாட்டார்கள். உண்மையான பதில், அவள் கன்னியர் மடத்தில் சிஸ்டராக இருந்தாள் என்பது. மடத்தை விட்டு வந்தவளை மருமகளாக எடுத்ததில் சீமோனுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஊருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு திரிய அவருக்குத் தெம்பில்லை. "படிக்கப் போனவ" என்று சொன்னார். அது பொய்யும் அல்ல. அந்த இரண்டு எழுத்துகளைப் பெயருக்குப் பக்கத்தில் போட்டுவிட்டால் கேள்வி அங்கேயே நின்றுவிடும் என்று கணக்குப் போட்டார்.

ஒருவரிடம் மட்டும் அது நிற்கவில்லை. அதே மாடியில் இரண்டு கதவு தள்ளி இருந்த விநாயகமூர்த்தி, இளைப்பாறிய தபாலதிபர். எந்தக் கடிதம் எங்கே தங்கிப்போனது என்று விசாரிப்பது அவருக்கு உத்தியோகத்தோடு வந்த பழக்கம். அவருடைய வீட்டு வரவேற்பறையில் மகன் கறுப்பு அங்கியும் தொப்பியுமாக, கையில் சுருட்டிய பட்டத்தோடு நிற்கும் படம் தொலைக்காட்சிப் பெட்டியைவிடப் பெரிதாகத் தொங்கியது. ரொறன்ரோத் தமிழ் வீடுகளில் அந்தப் படம் இல்லாத பட்டதாரி, அரைப் பட்டதாரி.

"சீமோன் அண்ணை, மருமகளின்ர கொன்வகேசன் படம் எங்கை? ஸ்பெயின்ல கமெரா இல்லையோ?"

"வரும்."

"எப்ப? கப்பல்லயோ அனுப்பினவை?"

இந்தக் கேள்வியை அவர் ஐந்து வருடம் கேட்டார்.

ஜோசப்பின் மன்னாரிலிருந்து புறப்பட்டது 1981இல், இருபது வயதில். ஒரு ஸ்பானியச் சபை ஐந்து பெண்பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துக் கூட்டிப்போனது. போய்ச் சேர்ந்தது வடக்கு ஸ்பெயினில், வருடத்தில் பாதி நாள் மழை தூறும் ஒரு பழைய பல்கலைக்கழக நகரம். முதல் வருடம் முழுக்க மொழி படித்தாள். அந்தச் சபை பள்ளிக்கூடங்கள் நடத்தியது, பள்ளிக்கூடத்துக்குப் பட்டம் பெற்ற ஆசிரியைகள் வேண்டும். ஐந்து பேரிலும் மொழி வேகமாகப் பிடித்தவள் இவள்தான் என்று கண்ட மடத்துத் தலைவி மதர் கொன்சுவேலோ, அவளை நுழைவுச் சோதனைக்கு அனுப்பினார். 1982 இலையுதிர் காலத்தில், தலையில் முக்காடும் கையில் குடையுமாக, அவள் ஸ்பானிய மொழியும் இலக்கியமும் படிக்கப் பல்கலைக்கழக வாசலுக்குள் நுழைந்தாள்.

நுழைந்த முதல் நாளே இது தான் கேள்விப்பட்ட பல்கலைக்கழகம் இல்லை என்று விளங்கிவிட்டது. இலங்கையில் பல்கலைக்கழகத்துக்குள் போவது ஊசியின் காதுக்குள் போவது மாதிரி. போனவர்களைப் பல்கலைக்கழகம் பெயர் சொல்லிக் கூப்பிடும். இங்கே வகுப்பில் இருநூறு பேர். பேராசிரியர் வருவார், முக்கால் மணி நேரம் பேசுவார், போவார். யாருடைய பெயரும் அவருக்குத் தெரியாது. நேரம் முடிந்ததும் சீருடை போட்ட வாயில்காப்பாளர் கதவைத் திறந்து "மணியாகிவிட்டது" என்பார், பேராசிரியர் பாதி வசனத்தில் நிறுத்திவிடுவார். பாடப்புத்தகம் என்று ஒன்று இல்லை. யாரோ ஒரு கெட்டிக்காரப் பிள்ளை எழுதிய குறிப்பு ஒளிப்பிரதி எடுக்கப்பட்டு இருநூறு கைகளுக்குப் போகும். மங்கலான பிரதியில் படித்தவர்கள் மங்கலான விடைகளை எழுதினார்கள்.

ஐந்து வருடப் படிப்பு. முதல் மூன்று வருடம் ஒரு கட்டம், பிறகு இரண்டு வருடம் மற்றக் கட்டம். ஒரு பாடத்தில் ஆனியில் தவறினால் செப்டெம்பரில் மறுபடி எழுதலாம். அப்படி ஆறு தடவைக்கு மேல் எழுத விடமாட்டார்கள். புள்ளி பத்துக்கு. ஐந்து எடுத்தால் சித்தி. பத்து எடுத்த ஒருவரை ஜோசப்பின் தன் ஐந்து வருடத்தில் கண்ணால் காணவில்லை. புள்ளிகளைத் தட்டச்சு செய்து, ஒவ்வொருவருடைய முழுப் பெயரோடும், நடையில் இருக்கும் கண்ணாடிப் பலகைக்குள் ஒட்டிவிடுவார்கள். தவறியவரின் தவறும் அங்கேதான் தொங்கும். அதைப் பார்க்கவும் நீயாகத்தான் போக வேண்டும். எவரும் வீட்டுக்கு எழுத மாட்டார்கள்.

கடைசி வருடம் ஒரு புகைப்படக்காரர் வந்தார். அவரிடம் ஒரே ஒரு கறுப்பு அங்கி இருந்தது. வகுப்பிலிருந்த எழுபத்தொரு பேரும் ஒருவர் பின் ஒருவராக அதை மாட்டிக்கொண்டு கதிரையில் இருந்தார்கள். ஜோசப்பின் முக்காட்டுக்குக் கீழே அங்கியை மாட்டினாள். பிறகு எல்லா முகங்களையும் பெருவிரல் அளவு வட்டங்களாக வெட்டி, மேலே பேராசிரியர்களை வைத்து, ஒரே பெரிய படமாக அச்சடித்துக் கொடுத்தார்கள். அங்கி வந்துவிட்டது, இனி விழாவும் வரும் என்று ஜோசப்பின் நினைத்தாள். அவளுடைய பெரிய தமையன் பேராதனையில் பட்டம் வாங்கியபோது அப்படித்தான் நடந்தது. முதலில் பெறுபேறு, பிறகு நாள் குறித்து ஒரு கடிதம், பிறகு அங்கி, மண்டபம், கைதட்டல், படம்.

லத்தீன் மட்டும் ஆனியில் காலை வாரியது. செப்டெம்பரில் ஐந்து புள்ளியோடு அதையும் முடித்தாள். 1987 ஒக்ரோபரில் மடத்தை விட்டு வெளியேறினாள். ஏன் என்று பேனாட் ஒருமுறை கேட்டதற்கு, "ஒரு நாள் விடியக் காலமை எழும்பேக்கை இது என்ர வீடு இல்லையெண்டு தெரிஞ்சுது" என்றாள். அவன் அதற்குமேல் கேட்கவில்லை. புறப்படும்போது மதர் கொன்சுவேலோவிடம் ஒன்று மட்டும் கேட்டாள்: "எனக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தால் இந்த விலாசத்துக்கு அனுப்பிவிடுங்கள்." ரொறன்ரோவில் இருந்த சின்னம்மாவின் விலாசம். மதர் அந்தத் துண்டை வாங்கி, மேசை லாச்சியை இழுத்து அதற்குள் வைத்தார். முகத்தில் சிரிப்பில்லை.

ஒரு வருடம் காத்திருந்தாள், வரவில்லை. இரண்டாம் வருடமும் வரவில்லை. மூன்றாம் வருடம் ஜோசப்பினுக்கு விடை கிடைத்துவிட்டது: கடிதம் மடத்துக்கு வந்திருக்கிறது, மதர் அனுப்பவில்லை. படிப்பித்துவிட்டது சபை, படித்துவிட்டு ஓடியது நான், கோபத்தில் கடிதத்தை லாச்சிக்குள் போட்டுப் பூட்டிவிட்டார். இதை அவள் எவரிடமும் சொல்லவில்லை. ஆனால் மனதுக்குள் அந்த லாச்சி ஒவ்வொரு வருடமும் இன்னும் இறுக்கமாகப் பூட்டிக்கொண்டது.

இப்போது 1996. விமான நிலையத்துக்குக் கிட்ட ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் ஜோசப்பின் ஏழு வருடமாக வேலை செய்தாள். பேனாட் பக்கத்து நகரமான பிறம்ரனில் ஒரு பொருட்கிடங்கில் பாரம் தூக்கும் போர்க்லிப்ற் ஓட்டினான். மகள் நிலாணிக்கு நாலரை வயது. காலையில் பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் பின்னேரம் கூட்டி வருவதும் சீமோனின் உத்தியோகம். ஜோசப்பினுக்கு ஓய்வு கிடைக்கும் நாட்களில் மட்டும் அவள் போவாள்.

அப்படிப் போன ஒரு சித்திரை மாதக் காலையில், பள்ளி அலுவலகத்தில் எக்குவடோர் நாட்டுத் தாய் ஒருத்தி அழுதுகொண்டு நின்றாள். பிள்ளைக்கு ஏதோ ஒவ்வாத சாப்பாடு, அதைச் சொல்ல ஸ்பானிய மொழி தவிர வேறு மொழியில்லை. ஜோசப்பின் இரண்டு நிமிடத்தில் விசயத்தைத் தீர்த்துவைத்தாள். திரும்பினால் வன்னியிலிருந்து புதிதாக வந்த ஒரு தகப்பன், கையில் விளங்காத படிவத்தோடு. அதையும் நிரப்பிக் கொடுத்தாள். தலைமை ஆசிரியை கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு கிழமைக்குள் செய்தி வந்தது. அந்த வட்டாரத்துப் பள்ளிகளுக்கும் பெற்றோருக்கும் நடுவில் நின்று பேச ஒருவர் தேவை. ஸ்பானிய மொழியும் தமிழும் தெரிந்தவராக இருக்க வேண்டும். நிரந்தர வேலை. இந்த இரண்டு மொழியும் தெரிந்த ஆளுக்கு ரொறன்ரோவில் எங்கே போவது என்று அவர்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்த நேரம் அது. நேர்முகத்தில் ஜோசப்பினை அவர்களுக்குப் பிடித்துவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை: பல்கலைக்கழகப் பட்டம் முடித்ததற்கு அத்தாட்சி. மே 31, வெள்ளிக்கிழமை, பின்னேரம் நாலு மணிக்குள். இல்லாவிட்டால் ஒரு மொழி மட்டும் தெரிந்த அடுத்த ஆளிடம் வேலை போய்விடும்.

அன்று இரவுச் சாப்பாட்டு மேசையில் அவள் தன்னிடம் இருந்த ஒரே கடதாசியை எடுத்து விரித்தாள். இருபத்தைந்து பாடங்களின் புள்ளிப் பட்டியல், நாலாக மடித்து மடித்து மடிப்பில் கிழிந்தது. சீமோன் மூக்குக்கண்ணாடியை மாட்டினார்.

"என்ன பிள்ளை இது? ஆறு, ஏழு, அஞ்சரை, லத்தீன் அஞ்சு! நூற்றுக்கு அஞ்சோ?"

"பத்துக்கு, மாமா."

"பத்துக்கு அஞ்செண்டாலும், எங்கட பள்ளிக்கூடத்தில எண்டா பிரம்புதான் கதைச்சிருக்கும். உதையோ நான் கலியாணக் காட்டில அச்சடிச்சனான்?"

"அங்கை ஏழு எண்டா நல்ல கெட்டிக்காரர்."

"அப்பா, சும்மா இருங்கோ" என்றான் பேனாட். "உங்களுக்குப் பத்துக்கு எத்தினை வரும், கணக்கில?" பிறகு அவளிடம், "இஞ்சை ஜோசி, அத்தாட்சிக்கு உது காணாதோ?"

"காணாதாம். படிவத்தில பட்டமளிப்பு விழா நடந்த திகதி எண்டொரு பெட்டி இருக்கு. அதில என்னத்தை எழுதிறது?"

அந்த வெறும் பெட்டியைப் பார்க்கப் பார்க்க அவளுக்குள் ஒன்பது வருடத்துப் பூட்டு குலுங்கியது.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு, வேலைக்குப் புறப்பட முன், முன்பணம் கட்டி வாங்கிய ரெலிபோன் காட் ஒன்றில் மறைந்திருந்த இலக்கத்தைச் சுரண்டி, மடத்தின் எண்ணை அழுத்தினாள். அங்கே பகல் ஒரு மணி. எடுத்தது மதர் கொன்சுவேலோவேதான். குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது. மற்றப்படி அதே குரல்.

"மதர், நான் ஜோசப்பின். என் கடிதம் எனக்கு வேண்டும்."

"ஜோசப்பினா! எங்கேயிருந்து கதைக்கிறாய்? எந்தக் கடிதம்?"

"பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கடிதம். நீங்கள் வைத்திருக்கும் கடிதம். ஒன்பது வருடமாக நான் கேட்கவில்லை. இப்போது என் வேலை அதில் தொங்குகிறது."

"மகளே, உனக்கு அப்படி எந்தக் கடிதமும்..."

"நான் வெளியே போனது உங்களுக்குக் கோபம், அது எனக்குத் தெரியும். அதற்காகக் கடிதத்தை மறைப்பது..."

காட்டில் இன்னும் ஒரு நிமிடப் பேச்சுத்தான் மிச்சம் என்று பதிவுசெய்த ஒரு பெண்குரல் குறுக்கிட்டது. ஜோசப்பின் அந்த ஒரு நிமிடத்தையும் தானே பேசி முடித்தாள். மதர் ஏதோ சொல்ல வாயெடுக்க, தொடர்பு அறுந்தது.

ஹோட்டலில் அன்று முழுக்கப் படுக்கை விரிப்புகளை மடித்தபோது, இனி மறுக்க முடியாதபடி ஆதாரத்தோடு பிடிக்க வேண்டும் என்று முடிவு செய்தாள். கடிதம் எந்தத் திகதியில் அனுப்பப்பட்டது என்று பல்கலைக்கழகத்திடமே கேட்டுவிட்டால் மதரால் என்ன சொல்ல முடியும்? அடுத்த நாள் அதே ஏழு மணிக்குப் புதுக் காட். பல்கலைக்கழக அலுவலக ஜன்னல் காலை ஒன்பது முதல் மதியம் இரண்டு வரைதான் திறந்திருக்கும் என்பது அவளுக்கு மறக்கவில்லை.

அலுவலகப் பெண் அவளுடைய கோப்பைத் தேடி எடுத்துவர மூன்று நிமிடம். காட் பெண் குறுக்கிடாமலிருக்க ஜோசப்பின் மாதாவை வேண்டினாள்.

"ஆம், இருக்கிறது. எல்லாப் பாடமும் சித்தி. கடைசி லத்தீன், 1987 செப்டெம்பர்."

"பட்டமளிப்பு விழாவுக்கு எந்தத் திகதியில் எனக்குக் கடிதம் அனுப்பினீர்கள்?"

"எதற்கு?"

"பட்டமளிப்பு விழாவுக்கு. அழைப்புக் கடிதம்."

அலுவலகப் பெண் மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். இங்கே அப்படி விழா கிடையாது. யாரும் யாரையும் அழைப்பதில்லை. படிப்பை முடித்தவர் இந்த ஜன்னலுக்கு வந்து, எனக்குப் பட்டம் வேண்டும் என்று படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். படிவத்தை வங்கிக்குக் கொண்டுபோய்க் கட்டணம் கட்டி, முத்திரையோடு திரும்ப வர வேண்டும். அதற்குப் பிறகுதான் பட்டம் அச்சாகும்.

"உங்கள் கோப்பில் எழுதியிருக்கிறது: பட்டம் கோரப்படவில்லை. நீங்கள் கேட்கவில்லை, நாங்கள் கொடுக்கவில்லை."

"அப்படியென்றால்... கடிதம் என்று ஒன்று..."

"ஒன்றுமே அனுப்பவில்லை, சீமாட்டி. யாருக்கும் அனுப்புவதில்லை."

ஜோசப்பின் சுவரில் சாய்ந்துகொண்டாள். ஒன்பது வருடமாகப் பூட்டி வைத்திருந்த லாச்சிக்குள் ஒன்றும் இல்லை.

இப்போது கேட்டால் எப்போது கிடைக்கும் என்றாள். அச்சாகி வர ஒன்றரை வருடமாகலாம். ஆனால் கட்டணம் கட்டியதும் ஒரு பற்றுச்சீட்டு தருவோம், பட்டம் வரும்வரை சட்டப்படி அதுதான் பட்டம். நேரில் வர முடியாவிட்டால், கையெழுத்திட்ட அதிகாரக் கடிதத்தோடு வேறொருவர் வரலாம்.

"உங்களுக்கு இந்த நகரத்தில் யாரையாவது தெரியுமா?"

தெரியும். ஒரே ஒருவரைத்தான் தெரியும்.

இரண்டு நாள் அவள் ரெலிபோனைத் தொடவில்லை. பேனாட் மூன்றாம் நாள் பின்னேரம் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றாமலே கேட்டான்.

"மதருக்கு ரெலிபோன் அடிச்சனீரோ?"

"என்னெண்டு அடிக்கிறது? கள்ளி எண்டு மட்டும்தான் சொல்லேல்லை. மிச்சமெல்லாம் சொல்லிப்போட்டன்."

"சொன்னதைச் சொன்னாச்சு. இப்ப வேறை ஆளைப் பிடிக்கேலுமோ?"

"ஏலாது."

"அப்ப காட்டைச் சுரண்டும். இந்தாரும்." ஒன்றல்ல, மூன்று காட் வாங்கி வந்திருந்தான். "மன்னிப்புக் கேக்க ஒண்டு, விசயம் சொல்ல ஒண்டு. நடுவில அறுந்தா மற்றது."

மறுநாள் காலை ஏழு மணி. மதர் கொன்சுவேலோ எடுத்ததும் முதல் கேட்டது, "அன்றைக்குக் காசு முடிந்துவிட்டதா? நான் நாலைந்து நாளாக ரெலிபோனுக்குப் பக்கத்திலேயே தைத்துக்கொண்டிருந்தேன்."

ஜோசப்பின் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். விழா இல்லை, கடிதம் இல்லை, லாச்சியில் ஒன்றும் இல்லை, தான் நினைத்ததெல்லாம் பிழை.

அந்தப் பக்கத்தில் மதர் நீளமாக மூச்சுவிட்டார்.

"ஒன்பது வருடம் ஒரு கோபத்தை இவ்வளவு கவனமாகப் பாதுகாத்திருக்கிறாயே. லத்தீனையும் இப்படிப் பிடித்திருந்தால் செப்டெம்பர்வரை போயிருக்கத் தேவையில்லை."

ஜோசப்பினுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"நான் கோபப்பட்டது உண்மை," என்றார் மதர். "மூன்று மாதம். பிறகு மழைக்காலம் வந்தது, கூரை ஒழுகியது, கோபப்பட நேரமில்லை. பிழை என்னிலும் இருக்கிறது. பட்டத்தைக் கேட்க வேண்டும் என்று இந்த ஊரில் நாய்க்கும் தெரியும். உனக்குத் தெரியாது என்று எனக்குத் தோன்றவில்லை. சரி. எனக்கு எழுபத்து மூன்று வயது, பஸ்ஸில் காசு கேட்க மாட்டார்கள். எந்த ஜன்னல் என்று சொல்."

அதிகாரக் கடிதம் விரைவுத் தபாலில் போக ஐந்து நாள். மதர் கொன்சுவேலோ முதல் நாள் ஜன்னலுக்குப் போனபோது ஜோசப்பினின் கடவுச்சீட்டுப் பிரதியும் வேண்டும் என்றார்கள். அதை அல்பியன் வீதியில் இருந்த தமிழ்க் கடையிலிருந்து ஃபாக்ஸ் அனுப்பினாள். இரண்டாம் நாள் வங்கி, ஏதோ ஒரு புனிதருக்காக மூடியிருந்தது. மூன்றாம் நாள் வங்கியில் முத்திரை வாங்கி, மழையில் நடந்து, ஜன்னல் வரிசையில் சேர்ந்து, இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கப் பற்றுச்சீட்டை வாங்கினார். "வரிசையில் எனக்கு முன்னால் பதினொரு பேர், எல்லோரும் உன் வயதுக்குக் கீழே" என்று ரெலிபோனில் சொன்னார். "என்ன பாடத்தில் பட்டம், அம்மா என்று கேட்டான் ஒருவன். பொறுமையில் என்றேன்."

பற்றுச்சீட்டு அன்றே விரைவுத் தபாலில் புறப்பட்டது. பிறகு காத்திருப்பு. விநாயகமூர்த்தி லிப்ற்றில் சீமோனைப் பிடித்தார்.

"மருமகளுக்குப் பள்ளிக்கூடத்தில வேலையாம்? பட்டம் காட்டச் சொல்லுவினமே, அண்ணை."

"காட்டுவா."

"வந்திட்டுதோ?"

"வருகுது" என்றார் சீமோன். ஐந்து வருடத்தில் முதல்தடவை அது உண்மையாக இருந்தது. ஆனாலும் அன்றிலிருந்து தபால் பெட்டியை நாளுக்கு மூன்று தரம் திறந்து பார்த்தார். தபால் ஒரு தரம்தான் வரும்.

மே 29, புதன்கிழமை, கடித உறை வந்தது. உள்ளே மெல்லிய ஒற்றைத் தாள். ஊதா முத்திரை, ஒரு கையெழுத்து, வங்கியின் முத்திரை. சீமோன் அதை வெளிச்சத்துக்குப் பிடித்தார்.

"உதுதானோ? லோன்றியில உடுப்புக்குத் தாற துண்டு மாதிரிக் கிடக்கு."

வியாழன் காலை ஜோசப்பின் ஸ்பெயின் தூதரக அலுவலகத்துக்குப் போய் அதை ஆங்கிலத்தில் எழுதி முத்திரை வாங்கினாள். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கல்விச் சபை அலுவலகத்தில் மிஸிஸ் ஹோல்ட் என்ற பெண்ணின் முன்னால் வைத்தாள். மிஸிஸ் ஹோல்ட் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமை.

"இது ரசீது அல்லவா?"

"ரசீதுதான். பட்டம் அச்சாகும்வரை இதுதான் பட்டம் என்று கீழே எழுதியிருக்கிறது."

"விழா நடந்த திகதி நிரப்பவில்லையே."

ஜோசப்பின் அந்தப் பெட்டியைப் பார்த்தாள். ஒரு மாதத்துக்கு முன்பு இதே கேள்வி அவளைக் குலுக்கியிருந்தது. இப்போது அவள் கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்தாள்.

"அந்த நாட்டில் விழா இல்லை. நாமாகப் போய் ஒரு ஜன்னலில் கேட்க வேண்டும். எனக்கு அது தெரியாது, அதனால் ஒன்பது வருடம் கேட்கவில்லை. உங்களிடம் வருகிற பெற்றோர் பலரும் இப்படித்தான். தங்கள் ஊரில் நடக்கிறது போல இங்கேயும் நடக்கும் என்று, வராத ஒரு கடிதத்துக்காக வீட்டில் காத்திருப்பார்கள். பிள்ளைக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்காமல் போகும். யாரோ மறைத்துவிட்டார்கள் என்று கோபமும் வரும்."

மிஸிஸ் ஹோல்ட் எழுந்து உள்ளறைக்குப் போனார். பதினைந்து நிமிடம். சுவர் மணிக்கூட்டின் முள் மூன்றரையைத் தாண்டியது. திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு பேனா. விழாத் திகதிப் பெட்டிக்குள் "பொருந்தாது" என்று எழுதி, பக்கத்தில் தன் சுருக்கக் கையெழுத்தை வைத்தார்.

"பட்டம் வந்ததும் ஒரு பிரதி கொண்டு வாருங்கள். ஓகஸ்ட் கடைசியில் வேலை தொடங்கும்."

ஜூலை மாதம் ஸ்பெயினிலிருந்து நீளமான மட்டைக் குழல் ஒன்று வந்தது. அதற்குள் சுருண்டிருந்தது அந்தப் பெரிய படம், எழுபத்தொரு முகங்களோடு. கூட ஒரு குறிப்பு: "இதை எடுத்துப் போக மறந்தாய். எங்கள் வரவேற்பறையில் ஒன்பது வருடம் தொங்கியது. இப்போது சுவரில் வெள்ளையாக ஒரு சதுரம் தெரிகிறது. மறைப்பதற்கு உன் மகளின் படம் அனுப்பு. பெரிதாக அனுப்பு."

ஜோசப்பின் அதை மேசையில் விரித்து நாலு மூலைக்கும் நாலு கோப்பை வைத்தாள். சீமோன் பூதக்கண்ணாடியோடு வந்து குனிந்தார். பேராசிரியர்களைத் தாண்டி, மீசைக்காரர்களைத் தாண்டி, மூன்றாம் வரிசையில் கண்ணாடி நின்றது. கறுப்பு அங்கி, அதற்கு மேலே முக்காடு, இருபத்தாறு வயதுச் சிஸ்டர் ஒருத்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு பார்த்தாள். முக்காட்டோடு மருமகளை அவர் பார்ப்பது இதுதான் முதல்தடவை. வெகுநேரம் குனிந்தபடியே நின்றார். பிறகு கண்ணாடியை வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

"மாமாவுக்குப் பிடிக்கேல்லைப் போல" என்றாள் ஜோசப்பின். "நாளைக்குச் சுருட்டி வைப்பம்."

காலையில் மேசையில் நாலு கோப்பைதான் இருந்தன. படமும் இல்லை, சீமோனும் இல்லை. மத்தியானம் அவர் பஸ்ஸில் வந்து இறங்கினார், தன் நெஞ்சுயரத்துக்கு ஒரு சட்டத்தை அணைத்துக்கொண்டு. நல்ல கண்ணாடி, தேக்கு நிறச் சட்டம். சோபாவுக்கு நேரெதிரே, வந்தவர் கண் முதலில் படும் இடத்தில், தானே ஆணி அடித்தார். பேனாட் உதவிக்கு வர, "நீ கோணலாய் அடிப்பாய்" என்று துரத்திவிட்டார்.

அந்தப் பின்னேரமே விநாயகமூர்த்தி வந்தார். சுத்தியல் சத்தம் இரண்டு கதவு தாண்டிக் கேட்டிருக்க வேண்டும். படத்துக்கு முன்னால் நின்று தலையைச் சரித்துப் பார்த்தார்.

"உதென்ன அண்ணை, ஊர்ச் சனத்தின்ர படமோ? இதில ஆர் உங்கட மருமகள்?"

"மூண்டாம் வரிசை. இடக்கைப் பக்கத்தால ஆறாவது."

விநாயகமூர்த்தி எண்ணினார். மூக்கு கண்ணாடியில் முட்டும் அளவுக்குக் கிட்டப் போனார்.

"முக்காடெல்லே போட்டிருக்கிறா?"

குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த ஜோசப்பினின் கை நின்றது.

"ஓம்," என்றார் சீமோன். "சிஸ்டராய் இருந்தவ. ஆறு வருசம். இருந்துகொண்டுதான் படிச்சவ. லத்தீனும் படிச்சவ."

விநாயகமூர்த்தி ஏதோ கேட்க வாயைத் திறந்தார். சீமோன் சோபாவில் தனக்குப் பக்கத்தில் இருந்த மெத்தையைத் தட்டினார்.

"இருங்கோவன். பிள்ளை, மூர்த்தியருக்குச் சீனி ரெண்டு கரண்டி."